பனிமலை போய் வந்தவர்

க்யிம்யிண்டைங் படகுத்துறை டீக்கடையில் அவர் எனக்கு எதிரே வந்து உட்காருவார். வடக்கே பனிமலை ஏறுகிறவர்களுக்கு மூட்டை சுமந்தவர்; இப்போது துறைக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. கன்னம் கறுத்து வெடித்திருக்கும். வலது காதில் மேல் ஓரம் இல்லை. டியூஷன் சொல்லித்தரும் என்னை, பர்மியர் வாத்தியாரை அழைப்பதுபோல் 'ஸயா' என்பார்.

அவருடைய ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார். என் மூக்கையும் கன்னத்தையும் காதையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என் மூஞ்சியில என்னண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க ஸயா. பனியில ஜோடி ஜோடியாத்தான் நடப்போம். மூக்கு, காது மரத்துப்போனா நமக்குத் தெரியாது. வெள்ளையா ஆகுதான்னு கூட வர்றவன்தான் பாத்துச் சொல்லணும். உடனே உள்ளங்கைய வச்சுப் பொத்திக்கிட்டா பொழச்சிடும்."

"அப்ப உங்க காது?"

"அன்னிக்கு ஜோடிக்காரன் காய்ச்சல்ல படுத்துட்டான். நான் தனியாப் போனேன்."

சித்திரை வெயிலில் கடையின் தகரக்கூரை கொதித்தது. என் படகு வந்துவிட்டது. எழுந்தவனின் கையைச் சட்டென்று பிடித்தார்.

"என் மூஞ்சியையும் ஒருதடவ பாத்துச் சொல்லிட்டுப் போங்க ஸயா."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. குனிந்து மூக்கு, கன்னம், மிச்சமிருந்த காது எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன்.

"எல்லாம் நல்லாருக்குண்ணே."

அதன்பிறகுதான் கையை விட்டார். எனக்கு முன்னால் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்துச் சொன்னது யாராக இருக்கும் என்று, இன்றும் படகேறும்போது நினைத்துக்கொள்கிறேன்.