ஸ்ரீரங்கத்துக் கிணற்றடியில் பாசியின் மேடு பள்ளம்

மார்கழியில் ஸ்ரீரங்கம் போவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கோயிலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் 1983 மார்கழியில் ஒரு கிணற்றடிக்குப் போய்வந்ததை எழுதுகிறேன்.

அப்போது கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே எம்.ஃபில். படித்தேன். கணவர் இறந்து இரண்டாம் வருடம். சுவரில் மெத்தை போல் வளரும் பாசியின் மேற்பரப்பு எவ்வளவு கரடுமுரடானது என்று அளப்பதே என் ஆய்வு. (குளத்தில் மிதக்கும் பாசி வேறு. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.) "கருவி பட்டாலே அமுங்கிவிடும் பொருளை எப்படி அளப்பீர்கள்?" என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டிருந்தார். பதில் இல்லாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டார்.

கான்வென்டில் கற்ற பின்னல் வேலையின் ஊசிகளைத்தான் முதலில் பயன்படுத்தினேன். எடை தாங்காமல் பாசிக்குள் இறங்கின. பிறகு ஒரு பலகையில் இருபது துளையிட்டு, துளைக்கொரு ஈர்க்குச்சி செருகி, கீழ் நுனியில் சிறு கண்ணாடி மணி ஒட்டினேன். குச்சிகள் பாசிமேல் மெல்ல உட்காரும். மேல் நுனிகளை வரைபடத்தாளில் குறித்தால் மேடு பள்ளம் தெரியும்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை ஏழே காலுக்கு ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் சுமார் ஐந்து கிலோமீட்டர். கண்டக்டர் பலகையைப் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய சீப்பு யாருக்கும்மா?"

"சுவருக்கு."

"அதுக்குத் தனி டிக்கெட் எடுக்கணுமே!"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்போது, சாரம் கட்டி நின்ற ராஜகோபுரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

ஆய்வுக்குத் தன் கொல்லையைத் திறந்துவிட்ட வேதா மாமியின் வீடு சித்திரை வீதியில். கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் நான் சுண்ணக்கட்டியால் கட்டமிட்ட இடத்தை ஐப்பசியிலிருந்து அளந்து வந்தேன். சுவரை அளக்கிறேன் என்று மட்டுமே மாமியிடம் சொல்லியிருந்தேன். அன்று கடைசி அளவு. வைகுண்ட ஏகாதசிக்கு உறவினர் வருவதால் பிற்பகல் வெள்ளையடிப்பு.

"வாங்கோ டீச்சர். நீங்க தொடப்போறேளேன்னு விளக்குமாத்தால நன்னா தேய்ச்சு வெச்சிருக்கேன்!"

பாசி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பலகையைக் கீழே வைத்துவிட்டேன். மாமியின் முகம் வாடியது.

"தப்பாப் போயிடுத்தா? வரவா கையில அழுக்கு படலாமோ?"

விருந்தாளி வரும் வீட்டைப் பெருக்கி வைப்பது குற்றமா? "தண்ணீர் கிடைக்குமா மாமி?" என்று மட்டும் கேட்டேன்.

பாசி படுத்த நிலையிலேயே ஒருமுறை அளந்தேன். மாமி ஒரு வாளி இறைத்துத் தர, கையால் தெளித்தேன். சுருண்ட இலைகள் விரிந்தன. மறுபடி பலகையை வைத்தபோது குச்சிகள் சற்று உயர்ந்து நின்றன. முழுதாக அல்ல, சில கொத்துகள் பிய்ந்தே போயிருந்தன.

"இன்னொரு நாள் கிடைத்தால், எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்துவிடுவேன்."

கொத்தனார் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். "கொல்லையில ஆரம்பிக்கட்டுங்களா?"

மாமி என்னைப் பார்த்தார். "வாசல்லேர்ந்து ஆரம்பிப்பா. கிணத்தடி நாளைக்கு."

"சாமி கும்பிட வர்றவங்க பாசியையா பாக்கப் போறாங்க?"

"பாக்கட்டுமே. உனக்கென்னவாம்?"

மறுநாள் காலை மறுபடி போய் அளந்தேன். பிய்ந்த இடங்கள் தவிர மற்றவை ஏறக்குறைய பழைய மேடு பள்ளத்துக்கே வந்திருந்தன. பேராசிரியருக்கு என்னிடம் பதில் இருந்தது: ஈர்க்குச்சியின் எடையை விடுங்கள், விளக்குமாறே அமுக்கினாலும் தண்ணீர் பட்டால் பாசி எழுந்துகொள்கிறது, எவ்வளவு என்றும் சொல்ல முடியும். கையெழுத்துப் போட்டார். துடைப்பம் பட்ட பாசிக்கென்று ஓர் அத்தியாயமே எழுதினேன்.

பாசி பார்க்க விரும்புவோருக்கு: ஐப்பசி முதல் தை வரை போங்கள். காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் சுருங்கும். பூதக்கண்ணாடி, சிறு தெளிப்பான் போதும். பிய்த்து எடுக்காதீர்கள். கிணற்றடிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், வழுக்கும். முக்கியமாக, வருவதை வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லும்போது எதைத் துடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் ஏகாதசிக்கும் போனேன். வீடு முழுக்கப் புது வெள்ளை. கைப்பிடிச் சுவரில் மட்டும் என் கட்டத்தளவுக்குப் பச்சை. உறவினர் யாராவது கேட்டால் மாமி சொல்வாராம்:

"அது படிச்சுண்டிருக்கு. தொந்தரவு பண்ணாதேங்கோ."