அந்தமான் காருக்கு எதுக்கு ஹீட்டர்?

போர்ட் பிளேர்ல வேர்க்காத நாள்னு ஒண்ணு உண்டா? மழையில நனைஞ்சுக்கிட்டே வேர்க்கும். அப்பேர்ப்பட்ட ஊருல ஹீட்டர் வச்ச கார் ஓட்டிக்கிட்டிருந்தாரு எங்க வீட்டுக்காரர். வண்டி ஒரு மரக் கான்ட்ராக்டரோடது. எந்தக் குளிர் தேசத்துக்குன்னு செஞ்சாங்களோ, பல கை மாறி, கப்பல் ஏறி ஹேடோ ஜெட்டியில வந்து இறங்கின பழைய சீமைக் கார். முன் சீட்டுல உக்கார்றவங்க கால் பக்கம் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். இன்ஜின்ல சுட்ட தண்ணி அதுக்குள்ள சுத்திவரும், பின்னால இருக்கிற சின்ன ஃபேன் அந்தச் சூட்டை நம்ம பக்கம் தள்ளும். "இதுல இட்லி வேகுமாங்க?"ன்னு கேப்பேன். அவருக்குச் சுருக்குன்னு கோவம் வரும். அந்தக் காரைச் சொன்னா அவரைச் சொன்ன மாதிரி.

என் கேலிக்கெல்லாம் முற்றுப்புள்ளி வச்சது என் மகள். நல்ல மழைக்காலத்துல, நாள் கணக்கு முடியறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு வந்துட்டா. என் ரெண்டு கைக்குள்ள அடங்கிடுவா. அவளுக்கு முன்னாடி ஒரு பையன், அவனும் இப்படித்தான் முந்தி வந்தான். உடம்பு சில்லுன்னு ஆச்சு, போய்ட்டான். அந்தக் குளிர் என் விரல்ல இன்னைக்கும் இருக்கு. அதனால இவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டரம்மா சொன்னப்ப எனக்குச் சந்தோஷமே வரலை. "குளிர்காத்து படவே கூடாது, கை கால் ஜில்லுன்னு ஆகவிடாதீங்க"ன்னு அவங்க சொன்னது மட்டும்தான் காதுல நின்னுச்சு. வெளியில பேய்மழை. எங்க வீடோ மின்னி பேங்கிற கடலோரத்துல, கடல்காத்து நேரா முகத்துல அடிக்கிற இடம்.

"நீ கவலையே படாத புள்ள, ஹீட்டர் இருக்கு"ன்னாரு இவரு.

அதுல ஒரே ஒரு சிக்கல். ஹீட்டர் ஃபேன் செத்துப்போயிருந்துச்சு. நான் ஆஸ்பத்திரியில இருந்த நாள்ல அதைச் சரி பண்றேன்னு அவரு பட்ட பாட்டைத் தினமும் என் கட்டிலோரம் நின்னு ஒப்பிப்பாரு. இந்தத் தீவுலயே பிறந்து வளர்ந்த, வண்டி ரிப்பேர் பாக்கிற மிஸ்திரி ஒருத்தர் இருந்தாரு, இந்திதான் பேசுவாரு. அவரு மொதல்ல ஃபியூஸைப் பாத்தாராம், நல்லா இருந்துச்சாம். ஃபேனுக்கு வர்ற ஒயரைக் கழட்டி ஒரு பல்பை மாட்டிப் பாத்தாராம், பல்பு எரிஞ்சுச்சாம். கரண்ட் வருது, சுவிட்ச் மேல குத்தமில்லை, அப்ப மோட்டார்தான்னு அதைக் கழட்டினா, உப்புக்காத்து தின்னு உள்ள ஒரே துரு. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சதும் சுத்த ஆரம்பிச்சிடுச்சாம். அதுக்குள்ள மிஸ்திரிக்கு வேலை வந்துடுச்சு, வேற தீவுல இருக்கிற ரங்கத்துக்குப் போட் ஏறிட்டாரு. ரெண்டு ஒயரைச் சேத்து டேப் சுத்தறது மட்டும் பாக்கி. அதை நம்மாளு பண்ணாரு. போட் கிளம்புற சத்தத்துலயும் மிஸ்திரி எப்படி மாட்டணும்னு கத்திச் சொல்லிட்டுத்தான் போனாருன்னு பெருமை வேற.

கிளம்பற அன்னைக்கு வண்டியை ஆஸ்பத்திரி வாசப்படியில ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாரு. மழை ஓயவே இல்லை. பிள்ளையைப் பஞ்சுல சுத்தி, துணியில சுத்தி, என் சேலைக்குள்ள வச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்தேன். கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. சுவிட்சைப் போட்டாரு. விர்ர்ருன்னு ஃபேன் பாடுச்சு. "கேட்டியா?"ன்னு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. ஆகா, மனுஷன் சாதிச்சுட்டாருன்னுதான் நானும் நெனச்சேன்.

மரைன் ஹில் பக்கம் போகையில முன் கண்ணாடி ஒரேயடியா மூடிக்கிச்சு. எங்க மூச்சே ஆவியாப் படிஞ்சு வெள்ளையா நிக்குது. துடைக்கத் துடைக்க மறுபடி படியுது. நான் துணிக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். பிள்ளை பாதம் ஜில்லுன்னு இருந்துச்சு.

"நிறுத்துங்க வண்டிய! எங்கங்க உங்க ஹீட்டர்? சத்தம் வருது, சூடு எங்க?" நான் போட்ட கூச்சல்ல அவரு ஆடிப்போய்ட்டாரு. ஓரங்கட்டினாரு. இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சு தண்ணி வர்ற குழாயைத் தொட்டவரு வெடுக்குன்னு கையை எடுத்தாரு, அப்படிச் சுட்டுச்சு. தண்ணி சூடா வருது, ஃபேன் சுத்துது, காத்து மட்டும் இல்லை. "எல்லாம் சரியாத்தான புள்ள இருக்கு"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றாரு. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பிள்ளையோட துணி மூலை ஒண்ணு என் முழங்காலுக்குக் கீழ தொங்கிச்சு. அது பறந்திருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. அது பெட்டியோட கம்பியில போய் ஒட்டிக்கிச்சு. இழுத்து விட்டேன், மறுபடி ஒட்டிக்கிச்சு.

"என்னங்க, இது ஊதலை. உறிஞ்சுது!"

அவரு முழிச்சாரு. "மிஸ்திரி என்ன சொன்னாரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க"ன்னேன்.

"உல்டா மாட்டு, லகானான்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. எனக்குப் புரியணும்னு பாவம், தமிழ்லயும் சொல்லி இந்தியிலயும் சொன்னாரு."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். தண்ணிக் குழாயடியில வங்காளிப் பொம்பளைங்களோட அந்த ஊருக்குப் பொதுவான பாஷையில மல்லுக்கு நின்னு நான் கத்துக்கிட்ட இந்திகூட இவருக்கு வரலை. "அட கூறுகெட்ட மனுஷா! அவருக்கு ஏதுங்க தமிழு? உல்டா மத் லகானான்னு சொல்லியிருக்காரு. அந்த மத் உங்க காதுல மாட்டுன்னு விழுந்திருக்கு, மத்னா கூடாது! மாத்தி மாட்டிடாதேன்னு சொன்னவர்கிட்ட, சரிங்கன்னு தலையாட்டிட்டு மாத்தியே மாட்டிட்டு வந்திருக்கீங்க!"

கதவைத் திறந்தா சாரல் உள்ள வரும்னு, அவரு டிரைவர் சீட்டுல இருந்தபடியே குப்புற சாஞ்சு என் கால் பக்கம் தலையை விட்டாரு. நான் காலைத் தூக்கிச் சீட்டு மேல வச்சுக்கிட்டேன். சுவிட்சை அணைச்சு, டேப்பைப் பல்லால கடிச்சுப் பிச்சு, இந்த ஒயரை அங்கயும் அந்த ஒயரை இங்கயும் முறுக்கினாரு. முதுகு நனைஞ்சிருந்தது மழையா வேர்வையான்னு தெரியலை. கடவுளே, இவளையும் எடுத்துக்காதேன்னு வாய்விட்டே சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

சுவிட்சைப் போட்டாரு. அதே விர்ருதான். ஆனா இந்தத் தடவை என் கணுக்கால்ல வெதுவெதுன்னு பட்டுச்சு, அப்புறம் நல்ல சூடு. நான் கீழ சரிஞ்சு உக்காந்து, துணியை லேசா விலக்கி, பிள்ளை காலை அந்தக் காத்துக்குத் தள்ளியே காட்டினேன். முகத்துல நீலம் பாஞ்சிருந்த மாதிரி தெரிஞ்சது கொஞ்சம் கொஞ்சமாச் சிவந்துச்சு. வாயைக் கோணி, பூனைக்குட்டி கணக்கா ஒரு அழுகை அழுதா பாருங்க, நானும் கூடச் சேந்து அழுதேன்.

அவரு சட்டையில கையைத் துடைச்சாரு. மறுபடி மறுபடி துடைச்சாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, இத்தனை நாளா இந்த மனுஷன் பிள்ளையைத் தொட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில கட்டிலோரம் நின்னு காரைப் பத்திப் பேசிப் பேசியே போயிருக்காரு.

"என் கை ஜில்லுன்னு இருக்கு புள்ள"ன்னாரு.

சொல்லிட்டு ரெண்டு கையையும் அந்தப் பெட்டி முன்னால நீட்டினாரு. உள்ளங்கையைக் காட்டினாரு, புறங்கையைக் காட்டினாரு, தன் கன்னத்துல வச்சு வச்சுப் பாத்துக்கிட்டாரு. முன் கண்ணாடி தெளிஞ்சு ரோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. பின்னால ஒரு லாரிக்காரன் ஹார்ன் மேல ஹார்ன் அடிச்சான். அவரு திரும்பிக்கூடப் பாக்கலை. கை நல்லாச் சூடேறினதுக்கு அப்புறம்தான் அவ பாதத்தைப் பிடிச்சாரு.