தலைப்பு எழுதாத பீவர் படம்

தம்பிஐயா எந்தப் படத்தைக் கீறினாலும் எழுத்தைக் கடைசியாகத்தான் எழுதுவார், அதுவும் நேரம் பார்த்து. யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. முதலில் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. பிறகு படம், நிறம், அம்புக்குறி எல்லாம். பெயரும் விளக்கமும் மட்டும் ராகுகாலம் கழிந்த பிறகு, அது தொங்கப்போகும் இடத்திலேயே. ராகுகாலத்தில் எழுதிக்கொடுத்த நகைக்கடை ஒன்று மூன்றே மாதத்தில் பூட்டுப்பட்டதாம். முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போனதால்தான் அது பூட்டுப்பட்டது என்று மனைவி இரஞ்சிதம் நூறு தரம் சொல்லியிருப்பாள். மனிதர் கேட்டால்தானே.

1996இல் இடம்பெயர்ந்த வாழ்க்கை முடிந்து தங்கள் தீவு ஊரான நாரந்தனைக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. பெயர்ப்பலகை எழுத ஊரில் கடைகளும் இல்லை. பள்ளிக்கூடங்கள் மட்டும் இருந்தன. இதயம், பூவின் பாகங்கள், மழை வரும் விதம் என்று தீவுப் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கியதெல்லாம் அவர் கைவேலை. ஒரே மகள் அஜந்தா உயர்தரம் முடித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். தொண்டர் என்றால் சம்பளமில்லாத ஆசிரியர், அவ்வளவுதான். இடைவிடாமல் படிப்பித்ததாக வரவுப் பதிவேடான இடாப்பு காட்டினால் ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்றார்கள். காய்ச்சலோடும் போனாள், மழையோடும் போனாள். அப்படியே ஆறு வருடம். அந்த வீட்டில் மூன்று பேரும் நம்பியிருந்தது அந்த நியமனம் ஒன்றைத்தான்.

2006 பங்குனியில் வேலணையில் கல்விக் கண்காட்சி வந்தது. அதிபர் பாலசிங்கத்துக்கு ஒரு யோசனை. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பியிருந்தார். அவர் மனம் குளிரும்படி அந்த நாட்டின் மிருகமான பீவரைப் பற்றி ஒரு பெரிய படம் வைத்துப் போட்டோ அனுப்பினால், அடுத்ததாக ஒரு மண்டபமே வரலாம். பெட்டியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து அஜந்தாவிடம் கொடுத்து, தகப்பனைக் கொண்டு கீறுவிக்கும்படி சொன்னார்.

தம்பிஐயா அந்த மிருகத்தில் மயங்கிப்போனார். எலிச் சாதி, ஆனால் ஒரு நாயளவு. வால் துடுப்பு மாதிரித் தட்டை. நல்ல தண்ணீர் உள்ள ஆறு, ஓடை, குளம் எங்கேயும் குடியிருக்கும். கரையில் பல்லுக்கு மென்மையான மரம் நின்றால் சரி. தண்ணீர் ஆழம் போதாவிட்டால் மரத்தைத் தறித்து அணை கட்டி, தனக்கென்று ஒரு குளத்தையே உண்டாக்கிவிடும். நடுக்குளத்தில் தடி குவித்து வீடு. வீட்டுக்கு வாசல் தண்ணீருக்குக் கீழே. குளம் மேலே உறைந்து கிடக்க, உள்ளே குடும்பம் சுகமாக இருக்கும். அலாஸ்காவிலிருந்து மெக்சிக்கோவின் வடக்கு விளிம்பு வரை ஒரு சாதி. ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா, மங்கோலியா வரை இன்னொரு சாதி. ஐரோப்பாவில் தோலுக்காக அதைக் கொன்று கொன்று ஏறக்குறைய முடித்துவிட்டு, பிறகு மனிதர்களே கொண்டுபோய்ப் பழைய ஆறுகளில் குடியேற்றினார்களாம். இதை வாசித்தபோது தம்பிஐயா தூரிகையை வைத்துவிட்டுக் கூரையில்லாத தன் பின்னறையைப் பார்த்தார். எலிக்குக் கிடைத்த குடியேற்றம், என்றார் இரஞ்சிதத்திடம்.

புத்தகப் பக்கத்தில் பென்சிலால் மெல்லியதாகச் சதுரக் கோடு போட்டு, அளவு பெருப்பித்து, சீலையில் கீறினார். மேல்பாதியில் உலகப் படம், பீவர் வாழும் இடமெல்லாம் சிவப்பு. கீழ்ப்பாதியில் அதன் வீட்டின் குறுக்குவெட்டு. தண்ணீருக்குக் கீழே இரண்டு சுரங்கவழி, உள்ளே மேடை, மேலே காற்றுத் துவாரம், பக்கத்தில் உணவுக் குவியல். ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்ட அம்புகள். பென்சில் வேலை முடிந்த அன்றே அதிபர் புத்தகத்தைத் திருப்பி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கனடாப் புத்தகத்தில் நிறம் படக்கூடாதாம்.

கண்காட்சி திங்கள் காலை. ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு நிறம் தீட்டி முடிந்தது. நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஆறுக்குப் பிறகு வெளிச்சம் காணாது. திங்கள் விடிய எழுதினால் காயாமல் சுருட்டும்போது இழுபடும். ஏழரைக்கோ திரும்பவும் ராகுகாலம். அஜந்தா பேசாமல் தலைப்பையாவது பேனையால் எழுதுவோம் என்று கேட்டாள். அவருக்கு வந்ததே கோபம். பலகை எழுதிய கை பேனையால் கிறுக்குமா? நீ முதல் பஸ்ஸில் படத்தோடு போ, நான் அடுத்த பஸ்ஸில் வந்து ஒன்பதுக்குப் பிறகு அங்கேயே எழுதுகிறேன் என்றார். அப்படித்தான், ஒரு பெயரும் இல்லாத அந்தப் படம் வீட்டை விட்டுப் புறப்பட்டது.

வழியில் ஒரு சோதனைச்சாவடி. வழக்கம்போல எல்லாரும் இறங்கி, பையைக் காட்டி, நடந்து ஏற வேண்டும். அஜந்தா சுருளை விரித்துக் காட்டினாள். சிவப்புக் குறியிட்ட வரைபடம். தண்ணீருக்குள் வாசல் வைத்த பதுங்குகுழி. இலக்கமிட்ட அம்புகள். உச்சியில் ஒரு சுழி. சாவடிச் சிப்பாய்களுக்கு வேறு என்ன வேண்டும்? பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

தூரிகையும் கறுப்புப் பெயின்ற் தகரமுமாக அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய தம்பிஐயாவை உள்ளே கூட்டிப்போனார்கள். மேசையில் படம் விரித்துக் கிடந்தது. மகளைக் காணவில்லை. தமிழ் தெரிந்த ஒருவன் கேள்விகளை மொழிபெயர்த்தான். இது என்ன என்று கேட்டதற்கு, பீவர் என்ற மிருகத்தின் வீடு என்றார். எங்கே இருக்கிறது அது? கனடாவில், ரஷ்யாவில் என்று உள்ளதைச் சொன்னார். இலங்கையில்? இல்லை. இந்தியாவில்? இல்லை. ஒவ்வோர் இல்லையும் சொல்லச் சொல்ல அவருக்கே தான் பொய் சொல்வதுபோல இருந்தது.

"தண்ணிக்குக் கீழை ஏன் வாசல்?"

"பகைக்குப் பயத்திலை, ஐயா."

"பகை ஆர்?"

"ஓநாய்" என்றார் தம்பிஐயா. மொழிபெயர்த்தவன் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்துவிட்டுத்தான் சொன்னான்.

இந்த நாட்டில் இல்லாத மிருகத்துக்கு இந்த ஊரில் எதற்குப் படம்? அப்படியொரு மிருகம் உண்டென்றால் அத்தாட்சி கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். மகளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பீவர் உலகத்தில் எங்கெங்கே குடியிருக்கிறது என்று நிறம் தீட்டியவருக்கு, தன் பிள்ளை எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

அத்தாட்சிக்கு என்ன பஞ்சம்? புத்தகம் இருக்கிறதே. நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். ஆனால் அவருக்கு முன்னமே சீருடைக்காரர் இரண்டு பேர் அங்கே வந்து போயிருந்தார்கள். அதிபர் கதிரையை விட்டு எழும்பவில்லை. இடுப்பில் அலுமாரிச் சாவியும் சேர்ந்த திறப்புக்கோர்வை தொங்கியது. அலுமாரி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"அப்பிடி ஒரு புத்தகம் எங்களிட்டை இல்லை, தம்பிஐயா. படம் கீறச்சொல்லி நான் சொல்லவுமில்லை. உப்பிடித்தான் அவையிட்டையும் சொன்னனான்."

"மாஸ்ரர், உந்த அலுமாரிக்குள்ளைதானே வச்சுப் பூட்டினீங்கள்?"

"நீர் வேறை எங்கையாவது பாத்திருப்பீர்."

தம்பிஐயா காலில் விழப் பார்த்தார். அதிபர் காலை இழுத்துக்கொண்டார். பயம் எல்லாருக்கும்தான். அந்தக் காலத்தில் பயப்படாதவன் யார்? ஆனால் தன் பயத்துக்கு அடுத்தவன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானம் அந்த மனிதர் சோறு சாப்பிட்டிருப்பாரே, அதைத்தான் தம்பிஐயாவால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஐந்து நாள் வேலணை, ஊர்காவற்றுறை என்று வாசல் வாசலாகத் திரிந்தார். ஆறாம் நாள் கடற்கரைப் பக்கத்து எமிலி வந்தாள். சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்துபோன தம்பி கொடுத்த சில்லறையை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தவள். ஒரு ஐந்து சத நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதிலை இருக்கிறது உங்கடை மிருகந்தானே, அண்ணை?"

அதுதான். அதே தட்டை வால், அதே பல். தம்பிஐயா அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சாவடிக்கு ஓடினார். மேசையிலிருந்த அதிகாரி நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், படத்தோடு வைத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் மூன்று நாள் எடுத்தது.

ஒன்பதாம் நாள் அஜந்தா வெளியே வந்தாள். கையில் படச்சுருள், மூலையில் ஒரு முத்திரை. நாணயம் திரும்பி வரவில்லை. உள்ளே நடந்ததைப் பற்றி அவள் தாயிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. தகப்பனைக் குறை சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கள் அவள் பள்ளிக்கூடம் போனபோது இடாப்பில் அவள் பெயருக்கு நேரே "சேவையிலிருந்து விலகினார்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பிறகு தொண்டர் ஆசிரியர்களுக்கு நியமனம் வந்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் வந்தது. அவளுக்கு இல்லை. எமிலிதான் கடற்கரை நண்டுக் கொட்டிலில் வேலை எடுத்துக் கொடுத்தாள். ஆறு வருடம் சோக் பிடித்த விரல்களில் நண்டு கடித்த காயம். படச்சுருளை இரஞ்சிதம் பள்ளிக்கூட விறாந்தையில் எறிந்துவிட்டு வந்தாள். தம்பிஐயா அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை.

2009 மார்கழியில், சண்டையெல்லாம் முடிந்து பாதை திறந்தபோது, கனடாக்காரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் மாலை, நாதஸ்வரம், சர்பத். அதிபர் பாலசிங்கம் ஆள் விட்டுத் தம்பிஐயாவைக் கூப்பிட்டார். போகவேண்டாம் என்றாள் இரஞ்சிதம். அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு போனார்.

புது மண்டபச் சுவரில் பீவர் படம் தொங்கியது. முத்திரை விழுந்த மூலையைச் சட்டத்துக்குள் மடித்து மறைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மேசை. மேசையில் அந்தத் தடித்த புத்தகம், மஞ்சள் துணி விரித்து வைத்திருந்தது. தன் புத்தகத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று கனடாக்காரருக்குக் கண் கலங்கியது.

"இவர்தான் எங்கடை ஓவியர்" என்றார் அதிபர், தம்பிஐயாவின் தோளில் கைவைத்து. "தலைப்பு மட்டும் மிச்சம். உங்களுக்கு முன்னாலை எழுதுவிப்பம் எண்டு வச்சிருந்தனாங்கள்."

தம்பிஐயா புத்தகத்தைத் திறந்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டின் குறுக்குவெட்டின் மேல் அவர் போட்ட பென்சில் சதுரங்கள் அழியாமல் இருந்தன. கனடாக்காரர் கமராவைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். மணி பத்தேகால். ராகுகாலமும் இல்லை.

அவர் புத்தகத்தை மூடினார்.

"தலைப்பு வேண்டாம், மாஸ்ரர். அது இல்லாமலே இந்தப் படம் எல்லாருக்கும் விளங்கினது."

தூரிகையைப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். நண்டுக் கொட்டிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் ஆகவில்லை. அதன் வாசலில் போய் மகளுக்காகக் காத்து நின்றார்.