சோறு தின்ற மத்தளம்

சுடுசோற்றில் சாம்பலைப் போட்டுப் பிசைந்தால் ஒரு மணம் வரும்... மழைநாளில் அணைந்த அடுப்பின் மணம். ஹனோவரில், ஒரு அடுக்குமாடியின் நிலவறையில்தான் அதை முதலில் முகர்ந்தேன்.

அப்போது எனக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை. என்னோடு நின்று துணி மடித்தவர் ரித்தி, கம்போடியாவிலிருந்து வந்த கெமர்க்காரர். இடைவேளையில் நான் வெறும் துணிப்பெட்டியைக் கவிழ்த்துத் தாளம் தட்டுவேன்.

தட்ட எனக்கு வேறு இடம் இருக்கவில்லை, அதுதான் காரணம். சித்திரை வருடப்பிறப்பு விழாவில் மிருதங்கம் வாசிக்கிறேன் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கேட்டிருந்தேன்.

"ஆரிட்டைப் படிச்சனீங்கள் அண்ணை?" என்றார் செயலாளர்.

"ஒருத்தரிட்டையும் இல்லை. ரேடியோவைக் கேட்டு நானே பழகினனான்."

"அப்ப மேடையில குருவின்ரை பேரை என்னெண்டு சொல்லுறது?"

அதோடு சரி. ஒருமுறையாவது மேடையில் வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ரித்திக்கு என் தட்டு பிடித்துவிட்டது. அவர்களுக்கும் புதுவருடம் சித்திரையில்தானாம். அதற்கு வாசிக்கும் அவர்களுடைய வாத்தியக் குழுவின் மேளக்காரர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாராம், வருகிறாயா என்றார். எங்கள் இருவருடைய ஜெர்மனும் அரைகுறை. ஆனாலும் இது விளங்கியது.

நிலவறையில் போய்ப் பார்த்தால்... தோணிபோல வளைந்த பெட்டிமேல் மூங்கில் கட்டைகள், அது ரொனியட். வாசிப்பவரைச் சுற்றி வட்டமாகக் குமிழ் வைத்த வெண்கலச் சேகண்டிகள். நாதஸ்வரத்துக்குத் தம்பிபோல ஸ்ராலை. நடுவில் மரத்தாங்கியில் படுத்திருந்தது ஒரு இருமுக மேளம். சம்போ என்றார்கள். எனக்கு அது மத்தளம்தான்.

தமிழ்க் கடையில் வாங்கிய ரவையைக் குழைத்து, மிருதங்கத்துக்கு ஒட்டுவதுபோலத் தோலில் அப்பினேன். ரித்தியின் மனைவி சிரித்துச் சிரித்தே அதை வழித்தெடுத்தார். இது சோறுதான் தின்னும் என்று சாம்பல் பிசைந்த சோற்றை ஒட்டினார். அடித்தேன்... அப்பா, என்ன நாதம்!

வார இறுதிகளில் அங்கேயே கிடந்து அவர்களுடைய தாளங்களைப் பழகினேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்த சனம். வாசிக்குமுன் ஊதுபத்தி கொளுத்தி, ஒவ்வொருவரும் குருவை நினைத்துக் கும்பிட்டார்கள். இங்கேயுமா? எழுந்து ரித்தியிடம், "எனக்குக் குரு இல்லை. பொய்க்குக் கும்பிட மாட்டன்" என்றேன்.

ரித்தி அதை ரொனியட் வாசிக்கும் பெரியவரிடம் கெமர் மொழியில் சொன்னார். பெரியவர் தன் கட்டைகளைத் துடைத்தபடி ஏதோ முணுமுணுத்தார். ரித்தி எனக்குச் சொன்னார்: "குரு அந்த மேளத்துக்குள்ளதான் இருக்கிறாராம். அதைக் கும்பிட்டுட்டு இரு. சனம் பாத்துக்கொண்டிருக்குது."

மேளத்தைக் கும்பிட எனக்கென்ன கஷ்டம்? கும்பிட்டேன். இருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி உருப்படியில் கை சும்மா இருக்கவில்லை. முடிக்கும் இடத்தில், மிருதங்கத்தில் முடிப்பதுபோல, தீர்மானம் என்கிற முடிப்புக் கோவை ஒன்றை வைத்தேன். எங்களுக்கு அது மூன்று முறை வந்தால்தான் முடிவு. சம்போ சொன்னால் நிறுத்துவது அவர்களுடைய முறை. முதல்முறையோடு எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்... நான் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் முறைக்கு ரித்தி வாயைப் பிளந்தார். மூன்றாம் முறைக்கு, பெரியவர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு கடைசி அடியில் என்னோடு சேர்ந்து ஒரு போடு போட்டார் பாருங்கள்... மண்டபமே எழும்பிக் கைதட்டியது.

அதன்பிறகு ஒவ்வொரு புதுவருடத்துக்கும் அந்த மூன்றைக் கேட்கிறார்கள். கொடுக்கிறேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. யூடியூப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் எங்கள் சங்க மேடையில் வாசிக்கிறார்கள். குரு ஆர் என்று ஒருவரும் கேட்பதில்லை. நல்லாய் வாசிக்கட்டும். ரேடியோ கேட்டுப் பழகியது மட்டும் ஏன் குற்றமாயிற்று என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன கிழமை அதே செயலாளர் போன் எடுத்தார். ஆளுக்கும் வயது போய்விட்டது. "அண்ணை, இந்தமுறை வருசப்பிறப்புக்கு நீங்கள்தான் மிருதங்கம் வாசிக்கவேணும்."

"ஏலாது தம்பி. அண்டைக்கு நான் என்ரை குருவிட்டைப் போறன்."

"ஆரண்ணை உங்கட குரு?" என்றார்.

"வந்து பாருங்கோ. வரேக்க கொஞ்சம் சோறு கொண்டுவாங்கோ."