மணாலிப் பனியில் மச்சானைக் கூப்பிட்ட கதை

1991 பிப்ரவரியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, இமயமலையை அடக்கிவரப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு பெரும்படை கிளம்பியது. படைபலம் இரண்டு: நானும், என் மனைவியின் தம்பி எத்திராஜும். லாரி கிளீனராக வடக்கே ஓடிய காலத்தில் பனிமலையே ஏறியிருப்பதாக ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் தூரத்தில் பார்த்ததோடு சரி. மார்ச் முதல் தேதி பென்னலூரில் ஒரு பட்டறையில் சேரவிருந்த எத்திராஜ், "அப்பால லீவே கெடைக்காது மாமா, இப்பவே அந்த மலைய காட்டு" என்று பிடித்துக்கொண்டான்.

மெட்ராஸிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து மணாலி 550 கிலோமீட்டர், பஸ்ஸில் பதினேழு மணி நேரம், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். வளைவுகள் மொத்தம் ஒரு லட்சம். எண்ணியது என் வயிறு. நாங்கள் இறங்கியதும் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் வெயில்.

வழிகாட்டி டோலா ராம், ஐம்பது வயதுக்காரர். "புதுப்பனி இன்னும் கீழே ஒட்டவில்லை, நாளைக்குப் போகலாம்" என்று இந்தியில் சொன்னார். மறுநாள் எங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட். சாம்ராஜ்யமே என் வருகைக்குக் காத்திருப்பதுபோல் பேசி அவரை வளைத்தேன்.

அன்றே காலை 7.15க்கு நடை. இடுப்பளவுப் பனியில் நான்கு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் போனோம். பதினொன்றேகாலுக்கு, மரமில்லாத ஒரு சரிவு குறுக்கிட்டது. அகலம் நூறு அடி இருக்கும். "ஒவ்வொருவராகத்தான். ஒருவர் அக்கரை சேரும்வரை மற்றவர் மரத்தடியில் நிற்கணும்" என்று சொல்லிவிட்டு டோலா ராம் முதலில் கடந்தார்.

அடுத்து நான். பாதியில் காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம். இமயத்தை அடக்க வந்தவன் அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. எங்கள் ஊரில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகை நடை போனால், பயந்தவன் கையைப் பக்கத்து ஆள் பிடித்துக்கொள்வான். யாரையும் தனியே விடுவதில்லை. அந்தப் பழக்கம்தான் வாயில் வந்தது.

"மச்சான், வாடா! கைய புடி!"

"அந்தாளு ஒத்தை ஒத்தையா வரச்சொன்னாரே மாமா?"

"அவன் கெடக்குறான், வா!"

வந்தான். கையை எட்டிப் பிடித்தான். இரண்டு பேர் பாரத்தில் தலைக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான், சரிவே நழுவியது. என்னை ஓரத்தில் தள்ளிவிட்டு அவனைக் கொண்டுபோனது. மிகைப்படுத்துவது என் தொழில். இங்கே ஒரு சொல்லும் மிகையில்லை. கடைசியாக அவன் தெரிந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி டோலா ராம் ஓடினார், கைத்தடியால் குத்திக் குத்தித் தேடினார், மண்வெட்டியால் தோண்டினார். பத்து நிமிடத்தில் முகம் கிடைத்தது. மூச்சு இருந்தது. இடது முழங்கால் நொறுங்கியிருந்தது.

மார்ச் முதல் தேதி அவன் ஆஸ்பத்திரியில். பட்டறையிலோ நின்று செய்யும் வேலை. வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கால் அப்புறம் மடங்கவே இல்லை.

குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களே, பெருமழைபோல் பனி கொட்டினால், அது நின்றபின் குறைந்தது இரண்டு நாள் பொறுங்கள். முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த திறந்த சரிவைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லையென்றால் ஒவ்வொருவராகக் கடந்து போங்கள். 'வும்ப்' கேட்டால் உள்ளே பனி அடுக்கு உடைகிறது என்று பொருள், திரும்பிவிடுங்கள். இப்போது புதைந்தவரைக் காட்டும் சமிக்ஞைக் கருவி கிடைக்கிறது. அதோடு மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். டிக்கெட் போனால் போகட்டும்.

ஊர் திரும்பியதும் எத்திராஜ் தன் அக்காவிடம், "நான்தான் அவசரப்பட்டு எறங்கிட்டேன்க்கா, மாமா மேல தப்பில்ல" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்று என் மனைவியை உட்காரவைத்து நானே வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டாள். எழுந்து, தம்பி வீட்டுக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். ஏறியதும் பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.