மங்களத்துக்குப் பிறகு ஒரு கவிதை

சேலையூரில் எங்கள் அடுக்ககத்தின் பொங்கல் விழாவுக்கு, ஓர் அமெரிக்கக் கவிஞரின் கவிதையைத் தமிழில் வாசிப்பதாகப் பெயர் கொடுத்தேன். இறந்துபோன காதலியைப் பற்றியது. அவர் எழுதியதில் பெரும்பகுதி இதுதான்: கல்லறை, இருட்டு, திரும்பி வராத பெண்.

கல்லூரி நாளிலிருந்து அவரைப் படிக்கிறேன். பயமுறுத்தும் கவிஞர் என்பார்கள். பதிவுத்துறையில் காலம் தள்ளிய எனக்கோ, முறைப்படி துக்கப்படத் தெரிந்த மனிதராகத்தான் தெரிந்தார். அதே ஓசை, அதே பெயர், மறுபடி மறுபடி. அழுகையைக்கூட அடி பிறழாமல் எழுதியிருக்கிறார். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு துக்கத்துக்குள் யாரும் நடந்துவிடலாம்.

சங்கச் செயலாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், பொங்கல் அன்னிக்கு சாவுப் பாட்டா? உழவர் பத்தி ஏதாவது படிங்களேன்."

"நம்ம பார்க்கிங்ல யார் சார் உழவர்? முன்கூட்டியே கொடுத்த நிகழ்ச்சியை மறுக்கணும்னா கமிட்டி கூடணும். அதுக்கு முறைப்படி நோட்டீஸ் குடுக்கணும். அதுக்குள்ள பொங்கல் முடிஞ்சிடும்."

"உங்ககிட்ட பேசினாலே பேஜார் சார்." சற்று யோசித்தார். "சரி, மங்களம் பாடினப்புறம் வெச்சுக்கங்க. விழா முடிஞ்சிருக்கும், அபசகுனமும் இல்ல."

மங்களம் முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிடுவார்கள். காலி நாற்காலிகளுக்கு வாசிக்கட்டும் என்பது அவர் கணக்கு. நான் உடனே ஒப்புக்கொண்டதில் அவருக்குக்கூடச் சந்தேகம்.

அந்தக் கவிதையைக் கேட்க வேண்டியவர் எனக்கு ஒருவர்தான். மாடி வீட்டுக்காரர். ஐப்பசியில் மனைவி போனதிலிருந்து, பால் பாக்கெட் எடுக்க மட்டும் கதவைத் திறக்கிறார். எத்தனை முறை போனாலும் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்தே "நல்லா இருக்கேன் சார்" என்று அனுப்பிவிடுவார். இப்படியே விட்டால் அந்தக் கதவு திறக்காமலே போய்விடும் என்று பயந்தேன். வருஷம் திரும்பும்வரை அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. விழாவுக்கும் வரமாட்டார்.

மங்களம் முடிந்ததும் மேலே போனேன்.

"விழா முடிஞ்சாச்சு சார். இப்ப நடக்கப்போறது விழாவே இல்ல. நாற்காலி மட்டும் இன்னும் எடுக்கல. வந்து உக்காருங்க."

கம்பிக் கதவைத் திறந்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் பந்தி, தட்டுச் சத்தம், யாரோ வடை கேட்டுக் கூப்பாடு. நான் நிதானமாக வாசித்து முடித்தேன்.

"அந்தப் பொண்ணு பேரையே திரும்பத் திரும்பச் சொல்றாரே சார்," என்றார்.

"ஆமா. விடவே மாட்டார்."

"நான் அப்படி அவ பேரைச் சொன்னா, டாக்டரைப் பாக்கலாங்கறான் என் பையன்."

"இவரை உலகமே கவிஞர்ங்குது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

"இன்னொரு தடவை படிங்க சார்."

செயலாளர் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.