இறுக்கி மாட்டிய கண்ணாடி

மந்திரமூர்த்தி ஆசாரிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார். உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். சாணைக்கல் சத்தம் கேட்டதும் அவர் மனைவி சந்தனமாரி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்றைக்கு யார் மேல் என்று முகத்தைப் படித்துக்கொள்வாள். கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஊர் முழுக்கக் கோபப்படுவார்கள். தங்கள்மேல் மட்டும் படமாட்டார்கள். நாற்பத்திரண்டு வயதுவரை அவரும் அப்படித்தான் இருந்தார்.

அந்த வயதில்தான் தென்காசிக்குப் படகு வந்தது.

ஜமீன் வீட்டின் இளையவர், சின்ன எஜமான், குற்றாலத்துக்குச் சீசனில் வரும் விருந்தாளிகளுக்காகக் கொல்லத்து உப்பங்கழிக் காயலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறிய இஞ்சின் படகை வாங்கினார். ரயிலில், கூரையில்லாத சரக்கு வண்டியில், மலைக் குகைகளைக் கடந்து அது வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். இருபத்திரண்டடி நீளம். முன்பக்கம் ஓட்டுகிறவன் நிற்க ஒரு மரக்கூண்டு. கூண்டுக்கு முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று என ஐந்து கண்ணாடி ஜன்னல்கள். இலத்தூர் போகும் வழியில் இருந்த பெரிய குளத்தில் அதை இறக்கினார்கள்.

முதல் சாரலிலேயே கூண்டு ஒழுகியது. ஐந்து ஜன்னலையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று அடுத்த பங்குனியில் ஆசாரிக்கு ஆள் வந்தது.

படகை ஓட்டியவன் பிச்சையா. புளியறைக்காரன், பத்து வருஷம் கொல்லத்தில் படகில் இருந்துவிட்டு வந்தவன். ஆசாரி ஜன்னலைக் கழற்றும்போது எதிரே குந்திக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான்.

“ஆசாரியாரே, திருகாணிய இந்த முறுக்கு முறுக்குதீரே, அது என்ன ஒம்ம மச்சினன் காதா?”

“ஒன் காயல் தண்ணி செஞ்ச வேலலே. உப்புல களிம்பு ஏறிக் கெடக்கு.”

பித்தளைத் திருகாணி ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. கண்ணாடியைச் சுற்றி அப்பியிருந்த பழைய மக்கு கல்லாக இறுகியிருந்தது. இரும்புக் கம்பியைக் காய்ச்சி அதன்மேல் ஓட்டி, இளகியதும் சுரண்டி, கண்ணாடியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வைக்கோலில் படுக்கவைத்தார். கீழ்ச்சட்டம் ஐந்திலும் உளுத்திருந்தது. விரலை வைத்தால் உள்ளே போயிற்று. உள்ளே இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக வழி வைக்காமல் செய்த வேலை. செய்தவனை மனதுக்குள் வைதுகொண்டே, புதுச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய இரண்டிரண்டு துளை போட்டார்.

கண்ணாடி உட்காரும் காடிப் பள்ளத்தைச் செதுக்கும்போது, நாலு பக்கமும் ஒரு நெல் கனத்துக்கு இடம் விட்டார். அந்த இடத்தில் சாக்குக்கட்டிப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த புது மக்கை அடைத்தார். சாரல் விழுந்தால் தென்காசியில் பாதி வீட்டுக் கதவைச் சாத்த முடியாது, மரம் ஊதிவிடும். ஊதுகிற மரத்துக்கு இடம் வேண்டும். இது அந்த ஊரில் யாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஜமீன் காரியஸ்தர் சங்கரபாண்டியா பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வந்து மக்கில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரல் பதிந்தது. கண்ணாடியைத் தட்டினார். லேசாக ஆடியது.

“என்னவே இது, உளுந்தங்களியா? கண்ணாடி பல்லு மாதிரி ஆடுது.”

“மக்கு காயணும் பிள்ளைவாள். எடம் விடாட்டா மரம் ஊதும், கண்ணாடி ஒடையும்.”

“எங்க வீட்டு அலமாரில முப்பது வருசமா கண்ணாடி இருக்கு. ஆடுதா? ஒடைஞ்சுதா? ஆப்பு வச்சு இறுக்கும்வே. வெள்ளக்காரன் வந்து ஏறுத படகு. வேல தெரியலன்னா சொல்லும், வேற ஆளப் பாக்குதேன்.”

பிச்சையா இஞ்சினுக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தான்; நாலு கூலியாட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை தெரியவில்லை என்ற சொல் ஆசாரியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. காரியஸ்தர் போனதும் உளியைத் தீட்டினார். பிறகு மக்கை வழித்து எறிந்துவிட்டு, ஆப்பு சீவி, காரியஸ்தர் சொன்னதற்கும் மேலாக இறுக்கினார். உடையட்டும், அந்த அலமாரிக்காரன் முகத்தில் கரி விழட்டும் என்று ஒவ்வொரு ஆப்பையும் அடித்தார். ஐந்து ஜன்னலும் பாறை மாதிரி நின்றன. காரியஸ்தர் மறுபடி வந்து தட்டிப் பார்த்து, “இதுல்லா வேல” என்றார்.

ஆனி பிறந்தது. நாலு நாள் விடாமல் சாரல். ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு படகு நடுக்குளத்துக்குப் போனபோது, இஞ்சின் அதிர்வில் முன்ஜன்னல் துப்பாக்கி போட்டதுபோல் வெடித்தது. துண்டுகள் பிச்சையாவின் முகத்தில் பாய்ந்தன. புருவத்திலிருந்து தாடைவரை கிழிந்த முகத்தோடு, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, அவன் படகைக் கரை சேர்த்தான். ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். இடது கண் பிழைக்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையிலேயே காரியஸ்தர் ஆசாரி வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை.

“பிச்சையா மடைக்கல்லுல கொண்டு மோதிட்டான்னு எஜமான்ட்ட சொல்லிருக்கேன். வெள்ளிக்கெழம பங்களாவுல விசாரிப்பாங்க. மோதுன அடையாளம் சட்டத்துல இருக்குன்னு நீரும் ஒரு வார்த்த சொல்லிரும். அவன் வேற எங்கயாவது போயிப் பொழைச்சுக்குவான். எஜமான் கட்டுத புதுப் பள்ளிக்கூடத்து ஜன்னல் நாப்பத்தெட்டும் ஒமக்குத்தான்.”

ஒரு கண் போகும்போல் கிடப்பவனுக்கு வேலையும் போக வேண்டும். அதற்கு ஆசாரியின் வாய் வேண்டும். அவர் சாணைக்கல்லின் முன் உட்கார்ந்தார். உளி தேய்ந்து தேய்ந்து பளபளத்தது.

சந்தனமாரி எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருந்தாள். “ஒடையும்னு அவருட்ட சொன்னீகளா?”

“சொன்னேன்.”

“எத்தன மட்டம்?”

“ஒரு தடவதான்.”

“நல்லாச் சொன்னீக. பந்தியில சோறு வேணுமான்னு கேக்கவன்கூட ரெண்டு மட்டம் கேப்பான்.” சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். “அங்கன யாரு நிப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். கண்ணாடி உடைவதை அவர் நினைத்திருந்தார். காரியஸ்தர் தலை குனிவதை நினைத்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவனை நினைக்கவில்லை. கோபம் அப்படித்தான்; எதிரியை மட்டும் காட்டும், நடுவில் நிற்பவனை மறைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை குற்றாலத்துப் பங்களாவில் சின்ன எஜமான் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். அருவிக்குப் போகுமுன் எண்ணெய் தேய்க்கும் ஆள் முதுகில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். விசாரணை அப்படியே நடந்தது. ஒரு பக்கம் காரியஸ்தர். தூணோரம் முகத்தில் கட்டோடு பிச்சையா.

“மோதுன அடையாளத்த ஆசாரி பாத்திருக்காரு எஜமான்” என்றார் காரியஸ்தர்.

“பாக்கல. படகு எங்கயும் மோதல” என்றார் ஆசாரி. “ஆப்பு வச்சு இறுக்குனதுல ஒடைஞ்சுது. இறுக்கச் சொன்னது பிள்ளைவாள்.”

“பொய்! வேல தெரியாத பயல்...”

“வேல தெரியும்வே! தெரிஞ்சுதான் செஞ்சேன்!” பங்களாவே அதிர்ந்தது. எண்ணெய்க்காரன் கை நின்றது. “ஒடையும்னு எனக்குத் தெரியும். நீரு ஒரு மடங்கு சொன்னீரு, நான் ரெண்டு மடங்கு இறுக்குனேன். ஒம்ம மூக்கு ஒடையணும்னு இறுக்குனேன். அவன் மூஞ்சி ஒடைஞ்சுது.”

இதை வீரம் என்று சொல்வதற்கில்லை. சொல்ல வேண்டிய நாளில் ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவர், மூன்று மாதம் கழித்துக் கத்தினார். உண்மைதான்; ஆனால் காலம் கடந்த உண்மை.

சின்ன எஜமான் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இஞ்சின் தெரிஞ்சவன் வேற எவன் இருக்கான்? பிச்சையா இருக்கட்டும். ஜன்னல அடுத்த வாரத்துக்குள்ள மாட்டிரணும். பள்ளிக்கூட வேலைய வேற ஆளுக்குக் குடும் பிள்ளை, இவன் ரொம்பச் சத்தம் போடுதான்” என்றார். காரியஸ்தர் காரியஸ்தராகவே இருந்தார். எண்ணெய் தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

வெளியே சாரலில் ஆசாரி பிச்சையாவின் பின்னாலேயே நடந்தார்.

“பிச்சையா...”

அவன் திரும்பினான். ஒற்றைக் கண்ணில் தண்ணீரா சாரலா தெரியவில்லை. “காரியஸ்தன் மடையன். அவனுக்குத் தெரியாது. நீரு தெரிஞ்சு செஞ்சீராவே? ஒம்ம எதிர்ல குந்திக்கிட்டு ஒரு மாசம் சிரிச்சுப் பேசிட்டு இருந்தனே, என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே!”

அன்று ஆசாரிக்குத் தன்மேல் வந்த கோபத்துக்குத் தீட்ட உளி போதவில்லை.

கரையில் படகை ஏற்றி ஜன்னல் வேலை நடந்த ஆறு நாளும் பிச்சையா பேசவில்லை. எதிரே வந்து குந்தவுமில்லை. தள்ளி நின்று பார்த்தான். அதற்குள் கட்டுப் பிரித்தாயிற்று. கண் தப்பிவிட்டது, ஆனால் இமை பாதிதான் திறந்தது. ஆப்பையெல்லாம் பிடுங்கி, ஊதிய மரத்தைச் செதுக்கிக் காடியை அகலமாக்கி, ஆசாரி மக்குப் பிசைந்தார். ஆறாம் நாள் முன்ஜன்னல் கண்ணாடியை அவர் இரண்டு கையிலும் ஏந்தியபோது பிச்சையா பக்கத்தில் வந்து நின்றான்.

“காரியஸ்தர் வந்து இறுக்குன்னா?”

“கேக்க மாட்டேன்.”

“எஜமான் சொன்னா?”

“கேக்க மாட்டேன்.”

“மழத்தண்ணி மூஞ்சில அடிக்குவே, கொஞ்சம் இறுக்கும்னு நான் சொன்னா?”

ஆசாரி நிமிர்ந்து, தையல் போட்ட அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

“நீ சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

பிச்சையா கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப மாட்டும்” என்றான்.